தனக்குத் தானே பேசுகிறவன்

வணக்கம் நேயர்களே. இந்த அறையில் நான், ஒரு மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர். எதிரில் ஆள் இல்லாமல் பேசுவது எனக்கு வராத வேலை. ஆனால் இன்று நான் சொல்லப்போகும் பையனுக்கு அது கைவந்த கலை.

அவன் பெயர் ஹிதெகி, வயது 19. 'சோபிட்ஸ்' என்ற அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் நாயகன். 2002இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்தது, 26 பகுதிகள். கிளாம்ப் என்ற பெயரில் நான்கு பெண்கள் சேர்ந்து உருவாக்கிய சித்திரக்கதைதான் மூலம். ஹொக்கைடோவில் விவசாயக் குடும்பம். பையன் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்று, மறுபடி எழுதத் தோக்கியோவுக்கு வருகிறான். இப்படிக் காத்திருப்பவர்களை அங்கே ரோனின் என்பார்கள். எஜமான் இல்லாத சாமுராய்க்கு உரிய சொல் அது. மானம் போனாலும் பட்டம் பெரிசு!

கதை நடக்கும் ஊரில் எல்லோரும் மனித உருவில் நடமாடும் கணினியை வைத்திருக்கிறார்கள். இவனிடம் காசு இல்லை. மதுக்கடையில் வேலை பார்த்து வாடகை கட்டுகிறான். தனியாக இருந்து இருந்து, மனதில் நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரியும்.

ஒரு ராத்திரி, குப்பை மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெண் உருவம் கிடக்கிறது. கொலையோ என்று பதறி, பிறகு இயந்திரம் என்று புரிந்து, முதுகு ஒடிய வீட்டுக்குத் தூக்கி வருகிறான். வழியில் ஒரு குறுந்தட்டு விழுந்ததைக் கவனிக்கவில்லை. சரி, கொண்டு வந்தாயிற்று, எப்படி இயக்குவது? கையேடு இல்லை. காதில் தேடுகிறான், தலையில் தேடுகிறான். சுவிட்ச் கடைசியில் எங்கே கிடைத்தது என்பதை வானொலியில் சொல்ல மாட்டேன். இளைஞர் பத்திரிகையில் வந்த கதை என்பது அந்த இடத்தில் நன்றாகவே தெரிகிறது. அந்த வகைச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவும் இல்லை.

அவள் கண் திறந்து சொல்லும் ஒரே சொல் 'சீ'. என்ன கேட்டாலும் சீ. நமக்கு யாராவது முகத்துக்கு நேரே 'சீ' என்றால் இரண்டு நாள் பேச மாட்டோம். இவன் அதையே அவளுக்குப் பெயராக வைத்துவிட்டான்! முதன்முறை பார்த்தபோது அவன் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் திட்டுகிறானோ என்றுதான் என் தமிழ்க் காதுக்குக் கேட்டது.

இயந்திரம் என்றால் எல்லாம் தெரிந்தது, மனிதன் தெரியாதவன் என்றுதானே நினைப்போம்? இங்கே அது தலைகீழ். அவளுக்கு 'சீ' தவிர ஒரு சொல்கூடத் தெரியாது. தேர்வில் தோற்றவன் வாத்தியார் ஆகிறான். தன்னைக் காட்டி 'ஹிதெகி' என்கிறான், அவளும் 'ஹிதெகி' என்கிறாள். அவளுக்கு உள்ளாடை வாங்க வேண்டும். கடைக்குள் நுழைய இவனுக்கு வெட்கம். கடைசியில் அவளுக்கே சொல்லிக்கொடுத்துத் தனியாக அனுப்புகிறான். அவன் படிக்க வந்த பாடம் அப்படியே கிடக்கிறது, அது வேறு விஷயம். ஆனால் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவனுக்கு, திருப்பிச் சொல்ல ஒரு வாய் கிடைத்துவிட்டது. திரும்பத் திரும்பச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், எனக்கு இந்தத் தொடரே அதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இதே தொடரில் வரும் பேக்கரிக்காரர் உவேதாவைப் பற்றித்தான் அதிகம் பேச வந்தேன், பாருங்கள். தன் கணினியையே கல்யாணம் செய்துகொண்டவர். அவள் நினைவு கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது, அவரையே மறக்கிறாள். அப்படி மறந்த பிறகும், அவர் மேல் மோத வந்த காருக்குக் குறுக்கே பாய்ந்து தானே அடிபடுகிறாள். பின்னாளில் அவரை விரும்பும் மனிதப் பெண்ணுக்கும் அவளுடைய அதே பெயர், யூமி. அந்தப் பெண் படும் பாட்டை... ஒரு விரல் ஆகிவிட்டது. நன்றி நேயர்களே, வணக்கம்.