கொல்லிமலை ஆகாய கங்கை: முதலில் இறங்குங்கள், அப்புறம் சூப் குடியுங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். அருவியும் வரும், சூப்பும் வரும். ஆனால் முதலில் அந்த ரீலைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி ஒரு அரை நிமிட ரீலைப் போட்டிருந்தார். ட்ரோன் காட்சி, பின்னால் வயலின், மேலே பெரிய எழுத்தில் "கோயில் வாசலிலேயே அருவி! குடும்பத்தோடு போய் வாருங்கள்!" எந்த இடம் என்று பார்த்தால் ஆகாய கங்கை. அதற்குக் கீழே சித்தி கேட்கிறார்: "பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகலாமா?" எனக்குப் பகீரென்றது. நம் பாட்டியைத் தெரியும்தானே உங்களுக்கு, ஏற்காடு கிளியூர் அருவி வீடியோவில் "தண்ணியே இல்லாத அருவிக்கு எதுக்குடா பெட்ரோல் செலவு" என்று கேட்டாரே, அவரேதான். வீட்டு மாடிக்கே கைப்பிடியைப் பிடித்து, நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்.

கோயில் வாசலில் அருவி இல்லை. கோயில் வாசலில் இருப்பது படிக்கட்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சரியாக எத்தனை என்று அங்கே நான்கு பேரைக் கேட்டால் நான்கு கணக்கு வரும். எண்ணிக்கொண்டே இறங்கலாம் என்று பார்த்தால், எதிரே ஏறி வருகிறவர்களிடம் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று நாமே வாயைக் கொடுத்து எண்ணிக்கையை விட்டுவிடுவோம். அவர்களும் ஊர் வழக்கப்படி "இதோ வந்துடுச்சு, அவ்வளவுதான்" என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டுப் போவார்கள். ஏறும்போது நானும் அதையேதான் சொன்னேன்.

சரி, போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஒரே நாளில் போய் வரக்கூடிய அருவிகளில் என்னைக் கேட்டால் இதுதான் முதலிடம். குற்றாலம் எனக்கும் பிடிக்கும், ஆனால் மெயின் அருவிக்கு நடை என்று ஒன்றும் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கி எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஏற்காடு கிளியூரிலும் படி உண்டு, உயரமும் உண்டு, ஆனால் ஏரி நிரம்பி வழிந்தால்தான் அங்கே தண்ணீர். கொல்லிமலையில் அப்படியில்லை. மலை மேல் ஓடிவரும் அய்யாறு என்ற ஆறு, அறப்பளீசுவரர் கோயிலைத் தாண்டி, ஒரு பாறை விளிம்பிலிருந்து சுமார் 300 அடி கீழே விழுகிறது. அங்கிருந்து அந்தப் பக்கம் இறங்கித் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போகிறது. புளியஞ்சோலையில் முட்டி அளவு தண்ணீரில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்ட வீடியோ ஞாபகம் இருக்கிறதா? அதே தண்ணீர்தான், மேலே இவ்வளவு ஆட்டம் போட்டுவிட்டு வந்து அங்கே நல்ல பிள்ளையாகப் படுத்துக் கிடக்கிறது.

இந்த இடத்தின் சூட்சுமமே வேறு. மற்ற மலையேற்றத்தில் முதலில் ஏறுவோம், களைத்துப்போன பிறகு இறங்குவோம். இங்கே தலைகீழ். இறங்கும்போது ஜாலியாக இருக்கும், செல்ஃபி, சிரிப்பு, பாட்டு. குளித்து, நனைந்து, பசி வந்த பிறகுதான் ஏற்றமே தொடங்கும். இறங்கும்போதே தொடை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு படியிலும் தசை இழுபட்டுக்கொண்டே நம் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அடியில் போய் நின்றதும் கால் தன்பாட்டுக்கு நடுங்கும் பாருங்கள், அது இதனால்தான். மறுநாள் நாற்காலியில் உட்கார முடியாமல் செய்வதும் இந்த இறக்கம்தான்.

ஆனால் நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? காலையில் மலையேறி வந்ததும் சீக்குப்பாறை வியூ பாயிண்ட், அப்புறம் படகுத்துறை, அப்புறம் அன்னாசி, அப்புறம் வயிறு முட்டச் சோறு. எல்லாம் முடிந்து ரெண்டு மணி வெயிலில் ஆகாய கங்கைக்கு வந்து நிற்கிறார்கள். வயிற்றில் பிரியாணியோடு ஆயிரம் படி! பாதியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் குடும்பங்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். தாமதமாக வந்தால் கீழே அனுப்பவும் மாட்டார்கள். காலையில் கொல்லிமலையில் வேறெங்கும் வண்டியை நிறுத்தாதீர்கள். நேரே பெரியகோவிலூர், அறப்பளீசுவரர் கோயில், படி. மற்றதெல்லாம் பிறகு.

ஒன்றை விட்டுவிட்டேன், எப்படிப் போனோம் என்று சொல்லவில்லை. நான் பஸ் ஆள் என்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை பாட்டிக்காகக் கார். கமெண்டில் கிண்டல் செய்யுங்கள், பரவாயில்லை. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கே ஆரம்பிக்கிறது 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் போட்டுப் பலகை இருக்கும். அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வரும் ஆளை வண்டியில் ஏற்றாதீர்கள். எங்கள் வண்டியில் சித்தப்பா. நாற்பதைத் தாண்டியதும் தம்பி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டான். வளைவு ஆகாதவர்களுக்கு ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலை உண்டு, அதில் வளைவு குறைவு. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு நாமக்கல், சேலம் ரெண்டு ஊரிலிருந்தும் வண்டி இருக்கிறது. செம்மேடுதான் மேலே இருக்கும் முக்கியமான ஊர். வல்வில் ஓரி சிலை அங்கேதான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவன் என்று சங்கப் புலவர் பாடிய அதே ஓரி. அந்த அம்பை இந்தப் படிக்கட்டில் விட்டால் முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிடும்.

பாட்டியை என்ன செய்தோம் என்றுதானே கேட்கிறீர்கள்? கோயிலிலேயே உட்கார வைத்துவிட்டோம், துணைக்குச் சித்தப்பா. அங்கே ஓடையில் மீன் இருக்கும். பிடித்துச் சமைத்த மீனுக்கே ஈசன் மறுபடி உயிர் கொடுத்தார் என்று தலபுராணக் கதை உண்டு. அதனால் அந்த மீனை யாரும் பிடிப்பதில்லை, பொரி போடுவார்கள். பாட்டி பொரி போட்டே ரெண்டு மணி நேரம் ஓட்டியிருக்கிறார். பக்கத்தில் பூ விற்ற அம்மாவின் மருமகள் பிரச்சினை வரைக்கும் கேட்டு வைத்திருந்தார். அன்றைக்கு அந்தக் காரில் வந்தவர்களில் முழு சந்தோஷமாகத் திரும்பியது அவர் ஒருவர்தான்.

படிக்கு வருவோம். மேலே உள்ள படிகள் சுமார், கீழே போகப் போகச் செங்குத்து. எல்லாப் படியும் ஒரே உயரமில்லை, அதுதான் தொல்லை. ஒன்று அரையடி, அடுத்தது முட்டியை மடக்க வேண்டிய உயரம். ஈரமான இடங்களில் பாசி. வழுவழுப்பான செருப்பு வேண்டவே வேண்டாம், அடியில் நன்றாகப் பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். குரங்குகள் கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கையில் பாலிதீன் பை தெரிந்தால் அவ்வளவுதான்.

அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே முகத்தில் அடிக்கும். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் தண்ணீர் விழுவதால் காற்றுக்குப் போக வழியில்லை, திவலையை அள்ளிக்கொண்டு நம் மேல்தான் பாய்கிறது. நல்ல தண்ணீர் வரும் நாளில் இருபது அடி தள்ளி நின்றாலும் கண்ணைத் திறக்க முடியாது. நேர் கீழே போய்த் தலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீரோடு சின்னக் கல்லும் வரும். தண்ணீர் அதிகமானால் குளிக்கத் தடை போடுவார்கள், அப்போது கெஞ்சிக்கொண்டு நிற்காமல் பார்த்துவிட்டுத் திரும்புவதே மரியாதை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும்தான் என்னுடைய ஓட்டு. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் மெலிந்துவிடும். ஆடி 17, 18 வல்வில் ஓரி விழா சமயத்தில் மலை முழுக்கக் கூட்டம். திருவிழா பிடித்தால் அப்போது வாருங்கள், அருவி பிடித்தால் வேறு நாள் வாருங்கள்.

ஷாம்பூ பாக்கெட்டைக் கிழித்து அங்கேயே போடுகிறவர்களுக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தூக்கி வருகிறவர்களுக்கும் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது, ஆனால் யூடியூப் வீடியோவை எடுத்துவிடும்.

இப்போது சூப். நான் ஏறி வந்ததே இதற்காகத்தான். முடவாட்டுக்கால் கிழங்கு பார்த்திருக்கிறீர்களா? பாறை மேலும் மரத்தின் மேலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் தண்டு அது. வெளியே முழுக்கப் பழுப்பு ரோமம், கையில் எடுத்தால் நிஜமாகவே ஆட்டுக்கால் மாதிரி. கடைக்கார அக்கா அதைச் சுரண்டிக் காட்டினார்: ரோமம் போனதும் பச்சைத் தோல், அதையும் சீவினால் உள்ளே வெளிர் பச்சைச் சதை. அதைத் துண்டு போட்டு மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்துக் கொதிக்க விடுகிறார்கள். முதல் வாய் மிளகு, ரெண்டாவது வாய் தொண்டைக்குள் சூடு, மூன்றாவது வாயில்தான் ஆட்டுக்கால் ஞாபகம் வரும். முட்டிவலிக்கு நல்லது என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஆயிரம் படி ஏறி வருகிற வாசலில் முட்டிவலி சூப் விற்கத் தோன்றியதே, அந்த மூளைக்கு என் வணக்கம். வலி போனதா என்றால், எனக்குப் போகவில்லை. ருசிக்காகக் குடியுங்கள்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டு வாசலில் ஒரு டம்ளர் முப்பது ரூபாய். அதே சூப் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருபது. பத்து ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா என்று கேட்காதீர்கள், நாங்கள் ஏழு பேர், ஆளுக்கு ரெண்டு டம்ளர், நீங்களே கணக்குப் போடுங்கள். சித்தி ரெண்டையும் குடித்துப் பார்த்துவிட்டு வாசல் சூப்பில் மிளகு கூடுதல் என்று தீர்ப்புச் சொன்னார். நான் மறுபடி ரெண்டையும் குடித்துப் பார்த்தேன். சித்தி சொன்னது சரிதான். அப்படியானால் முப்பது நியாயம்தானா? எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. போய் வந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கிழங்கை வாங்கி வந்து வீட்டிலும் வைத்தோம், அம்மா சுரண்டவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அந்த ரோமம் அவருக்கு அருவருப்பு. சுரண்டியது நான்.

படி இறங்க முடியாதவர்களுக்கு நம்ம அருவி (பெயரே அதுதான்), மாசிலா அருவி ரெண்டும் இருக்கின்றன. உயரம் கிடையாது, ஆனால் நடை குறைவு, நிதானமாகக் குளிக்கலாம். பாட்டியை மாலையில் மாசிலாவுக்குக் கூட்டிப் போனோம். காலை மட்டும் நனைத்துக்கொண்டு, "இதுக்குத்தான்டா அருவின்னு பேரு" என்றார். அந்த ரீலை எடுத்த ஆள் இதைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

அப்புறம், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் பக்கம் சிக்னல் எனக்கு வருவதும் போவதுமாக இருந்தது, ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும், சூப் ஆறிவிடும். சந்தை நாளாக இருந்தால் சோளக்காட்டில் நிறுத்தி மிளகும் பலாவும் பாருங்கள். வாழைப்பழத்தை வாங்கி டிக்கியில் வையுங்கள், மடியில் வேண்டாம், இறங்கும்போதும் அதே எழுபது வளைவுதான்.