தாடி முளைத்த அனுபியாஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

பாசி என்றதும் நம்மில் பலருக்குக் கிணற்றடியோ ஊர்க்குளமோ நினைவுக்கு வரும். குடத்தை அழுத்தினால் விலகும், குடத்தைத் தூக்கியதும் மறுபடி வந்து மூடிக்கொள்ளும். அந்தப் பாசியை மன்னித்துவிடலாம், விலகவாவது செய்கிறது. நான் பேச வந்திருக்கும் பாசி விலகாது. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் மீனோடு செடியும் வளர்க்கிறவர்களுக்கு இதைத் தெரிந்திருக்கும். இலை ஓரத்தில் கறுப்பாக, நாலு நாள் மழிக்காத தாடி மாதிரி கொத்துக் கொத்தாக நிற்கும். நகத்தால் சுரண்டினால் இலைதான் கிழியுமே தவிர, பாசி அசையாது. பிளாக் பியர்ட் ஆல்கே என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி பிபிஏ என்கிறார்கள். நான் தாடிப் பாசி என்றே சொல்லிக்கொள்கிறேன்.

என் வீடு பெரம்பூரில். வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் கூப்பிடு தூரத்தில் இருப்பது ஒரு வகையில் ஆபத்து. காய்கறி வாங்கப் போனவன் மீனோடு திரும்பியிருக்கிறேன். இப்போது வீட்டில் இருப்பது மூன்றடித் தொட்டி, 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். சில வருடங்களுக்கு முன் அதில் இருந்த அனுபியாஸ் செடிக்குத் தாடி முளைத்தது. அனுபியாஸ் மெதுவாக வளரும் செடி, ஒரு புது இலை விரியவே வாரக்கணக்கில் ஆகும். இலை அவ்வளவு நாள் ஒரே இடத்தில் நின்றால் பாசிக்கு வசதிதானே.

முதலில் இந்தப் பாசி எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுகிறேன். கறுப்பாகத் தெரிந்தாலும் இது செம்பாசி இனம். சந்தேகம் இருந்தால் ஒரு கொத்தைப் பிய்த்து மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுப் பாருங்கள். பச்சையம் ஸ்பிரிட்டில் கரைந்து போய், அடியில் ஒளிந்திருந்த சிவப்பு நிறமி வெளியே தெரியும். செம்பாசிகளில் பெரும்பாலானவை கடலில் வாழ்பவை. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் மூழ்கி எடுக்கிறார்களே கஞ்சிப் பாசி, அகர் அகர் செய்ய விற்கிறார்களே, அதுவும் செம்பாசிதான். அந்தக் குடும்பத்தில் நல்ல தண்ணீருக்குக் குடிவந்த சிலரில் ஒருவர் என் அனுபியாஸ் மேல் உட்கார்ந்திருந்தார். உறவு தெரிந்ததால் கோபம் ஒன்றும் குறையவில்லை.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முதலில் உரத்தை நிறுத்தினேன். சத்து இருந்தால்தானே பாசி வரும் என்ற கணக்கு. இந்தக் கணக்குக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1996-ல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர், பாஸ்பேட்டைப் பட்டினி போட்டால் பாசி அடங்கும், மற்ற சத்துகளைச் செடிக்குக் கொடுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்ன கலவையில் பாஸ்பேட் கிடையாது. அப்புறம் அமெரிக்காவில் டாம் பார் என்பவர் நேரெதிராக, பாஸ்பேட்டையும் நைட்ரேட்டையும் தாராளமாகவே போட்டுப் பார்த்தார். செடி நன்றாக வளர்கிற தொட்டியில் அதனால் பாசி கிளம்பவில்லை. வாரா வாரம் பாதித் தண்ணீரை மாற்று, சத்தை அளவாகத் திரும்பப் போடு என்பது அவர் முறை. இன்றைக்கு உலகம் முழுக்கப் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் உரத்தை நிறுத்தியதும் என்ன ஆனது தெரியுமா? செடி வெளுத்தது. தாடி இன்னும் அடர்த்தியானது.

அடுத்து மீன். பாசி தின்னும் மீன் கேட்டு ஒரு கடைக்குப் போனேன். சயாமீஸ் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால் வாய் உறிஞ்சுகுழல் மாதிரி கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. அது சைனீஸ் என்கிற வேறு மீன். குட்டியில் கொஞ்சம் பாசி தின்னும், வளர வளர முரட்டுத்தனம் வந்து மற்ற மீன்களின் விலாவில் ஒட்டி அவற்றின் வழவழப்பை உறிஞ்ச ஆரம்பிக்கும். என் ஏஞ்சல் மீன் ஒன்றை அப்படித்தான் பாடாய்ப் படுத்தியது. அசல் சயாமீஸுக்கு உடம்பில் ஓடும் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை போகும், மற்ற துடுப்புகள் நிறமில்லாமல் கண்ணாடி போல இருக்கும். தாடிப் பாசியைத் தொடுகிற மிகச் சில மீன்களில் அது ஒன்று. ஆனால் அதுவும் பெரிதானதும் சோம்பேறியாகிவிடும். உருண்டைத் தீனி மேலிருந்து விழும்போது பாசியை யார் சீந்துவார்கள்?

இருட்டு வைத்தியமும் செய்தேன். நாலு நாள் போர்வை போர்த்தி, விளக்கே போடாமல். நீலப்பச்சைப் பாசி என்று ஒன்று உண்டு, கொழகொழவென்று படலமாக மண்ணை மூடி நாறும். அதற்கு இந்த வைத்தியம் நன்றாகக் கேட்கும். தாடிப் பாசியோ ஐந்தாம் நாள் போர்வையை எடுத்தபோது வைத்தது வைத்தபடி இருந்தது. இளைத்தது செடிதான்.

கோளாறு எங்கே என்று கடைசியில் காட்டிக்கொடுத்தது ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ். டிராப் செக்கர் என்பார்கள். உள்ளே இருக்கும் திரவம் தண்ணீரில் கரைந்த கரியமில வாயு குறைந்தால் நீலம், போதுமான அளவில் இளம்பச்சை, மீனுக்கு ஆபத்தான அளவில் மஞ்சள் என்று நிறம் மாறும். செடி வளர இந்த வாயுவைச் சிலிண்டரிலிருந்து தொட்டிக்குள் விடுவார்கள். அப்போது நான் சிலிண்டர் வாங்கவில்லை. பழைய குளிர்பான பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்டும் கரைத்து, அதில் நொதித்து வரும் வாயுவைக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். செக்கரை மாட்டி இரண்டு வாரம் நிறத்தைக் காலண்டரில் குறித்தேன். பாட்டில் வைத்த மூன்றாம் நாள் மஞ்சள். ஏழாம் நாள் பச்சை. பத்தாம் நாளிலிருந்து நீலம், நீலம், நீலம். அப்புறம் புதுப் பாட்டில், மறுபடி மஞ்சள். செடிக்கு ஒரு வாரம் விருந்து, மறு வாரம் பட்டினி. விளக்கு மட்டும் தினமும் பத்து மணி நேரம் தவறாமல் எரிந்தது.

வாயு நிலையாக இல்லாத தொட்டியில்தான் தாடிப் பாசி வருகிறது என்று இதில் பழகிய பலரும் சொல்வார்கள். என் காலண்டரும் அதையே சொன்னது. அரைகுறையாக வாயு கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருப்பது மேல். வாயுவே விடாமல், மங்கலான விளக்கில், ஜாவா பெரணி, கிரிப்ட் என்ற செடிகளை வைத்து வருடக்கணக்கில் சுத்தமாக வைத்திருக்கும் தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே எதுவும் கூடுவதில்லை, குறைவதுமில்லை. சிலிண்டர் வாங்க வசதி இல்லாதவர்கள் விளக்கைக் குறையுங்கள், ஆறு மணி நேரம் தாராளம். ஒரு டைமர் மாட்டிவிடுங்கள். சிலிண்டர் வைத்திருப்பவர்கள் விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிடுங்கள்.

சென்னைக்கு என்று ஒரு தொல்லை தனியாக உண்டு. மே மாதம் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி வரை போய்விடும். சூடான தண்ணீரில் வாயு அதிகம் கரையாது, செடிக்கோ சூட்டில் தேவை கூடும். தொட்டிக்கு மேல் ஒரு சின்ன மேசை விசிறியை ஓடவிட்டால் இரண்டு டிகிரியாவது இறங்கும். தண்ணீர் வேகமாக வற்றும், தினம் ஒரு செம்பு ஊற்ற வேண்டியிருக்கும்.

சரி, காரணத்தைச் சரி செய்தாயிற்று, ஏற்கெனவே முளைத்த தாடியை என்ன செய்வது? அதிகம் பிடித்த இலைகளை நான் யோசிக்காமல் வெட்டிவிட்டேன். மீதிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. இங்கே ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் அளவெல்லாம் 3 சதவீதக் கரைசலுக்கு. நம் மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று போட்டுக் கிடைப்பது ஏறத்தாழ 6 சதவீதம். சரிக்குச் சரி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். அப்படிக் கலந்ததில், 100 லிட்டர் தொட்டிக்கு ஒரு நாளில் 25 மில்லியை நான் தாண்டுவதில்லை. ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசைவு அடங்கியதும், ஊசி கழற்றிய சிரிஞ்சை இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக அழுத்த வேண்டும். பாசி மேல் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பும். பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போட்டுவிடலாம். மிச்சம் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். மாஸ் என்கிற பொடி இலைச் செடி இருந்தால் அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கருகிவிடும்.

மூன்றாம் நாள் காலையில் விளக்குப் போட்டபோது கறுப்பு இல்லை. வெற்றிலை போட்ட வாய் மாதிரி இளஞ்சிவப்பு. சாகும்போதுதான் அது தன் சொந்த நிறத்தைக் காட்டியது. அதுவரை தாடியைத் திரும்பியும் பார்க்காத அமானோ இறால்கள் அன்றைக்கு வரிசையாக வந்து உட்கார்ந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றன. ஜப்பானின் நிகாட்டாவைச் சேர்ந்த தொட்டித் தோட்டக் கலைஞர் டகாஷி அமானோ பிரபலமாக்கியதால் அந்த இறாலுக்கு அவர் பெயர்.

திரவக் கார்பன் என்று ஒரு புட்டி விற்கிறார்களே, அதுவும் பெராக்சைடு செய்த வேலையைச் செய்யும். அதில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படுத்தும் மருந்தின் வகை. கையுறை போடாமல் தொடாதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள். வாலிஸ்நேரியா என்ற நாடா இலைச் செடி இருக்கும் தொட்டியில் ஊற்றினால் அது நாடா நாடாவாகக் கரைந்துபோகும். எனக்கு அப்படி ஒரு மூலையே காலியானது.

உரத்தையும் மறுபடி ஆரம்பித்தேன். சொட்டுநீர் விவசாயிகளுக்கு விற்கும் 13-0-45-ஐ, அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டை, உரக்கடையில் ஒரு கிலோவாக வாங்கினால் ஆயுசுக்கும் போதும். 100 லிட்டரில் ஒரு கிராம் கரைத்தால் நைட்ரேட் 6 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆறு பங்கு, ஏறும். பாஸ்பேட்டுக்கு 0-52-34 என்ற உரம், அதில் சிட்டிகையிலும் சிட்டிகை. இலையிலும் கண்ணாடியிலும் கெட்டிப் பச்சைப் புள்ளிகள் வந்தால் பாஸ்பேட் போதவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த அனுபியாஸில் இருப்பதெல்லாம் புது இலைகள். போன வாரம் ஃபில்டர் குழாயைத் துடைக்கும்போது வாய்ப்பகுதியில் ஒரு கொத்து நின்றது, சுண்டுவிரல் நகத்தளவு. சிரிஞ்சை எடுக்கலாமா என்று யோசித்தேன். செக்கரைப் பார்த்தேன், இளம்பச்சை. அப்படியே விட்டுவிட்டேன். வணக்கம்.