லிஃப்ட் வாசலில் பத்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

நாலாவது மாடியில் ஆபீஸ், லிஃப்டும் உண்டு. ஆனாலும் மூன்று வருடமாகப் படியேறியே போன ஒருவர் என்னிடம் வந்தார். முழங்கால் வலி வந்த பிறகுதான் வந்தார். பயத்துக்கென்று நம் ஊரில் யார் வைத்தியம் பார்க்கிறார்கள்? "பயத்தை எடுத்துவிடுங்கள் மேடம், அப்புறம் லிஃப்டில் ஏறுகிறேன்" என்றார். எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். நீச்சல் பழகிய பிறகு கிணற்றில் இறங்குகிறேன் என்கிற கதை!

பயம் இருக்கும்போதே, பயப்படும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நின்று பழகுவதைத்தான் எக்ஸ்போஷர் தெரபி என்கிறோம். மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1924இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முயலைக் கண்டால் அலறும் ஒரு சின்னப் பையன். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது கூண்டில் முயலைக் கொண்டுவந்து, அவன் தாங்கும் தூரத்தில் வைப்பார்கள். கடைசியில் அவனே அதைத் தடவிக் கொடுத்தான்.

அதற்கும் முன்னால் ஒருவர் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார். ஜெர்மானியக் கவிஞர் கதேதான். 1770இல் ஸ்ட்ராஸ்பர்கில் சட்டம் படிக்கப் போனபோது, உயரம் என்றால் அவருக்குத் தலை சுற்றும். அந்த ஊர் தேவாலயக் கோபுரமோ 142 மீட்டர், நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல இரண்டு பங்குக்கு மேல். அதன் உச்சிக்குத் தனியாக ஏறிவிட்டார். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத, ஒரு முழ அகலமே இருக்கும் மேடையில் போய் நின்றார். மறுபடி மறுபடி ஏறினார், அது ஒரு பொருட்டே இல்லை என்று ஆகும்வரை. தயவுசெய்து நீங்கள் இப்படிச் செய்துவிடாதீர்கள்! எனக்குப் பிடித்தது வேறு. வெளியே வருவதற்கு முன்னால், கோபுரத்துக்குள்ளேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதுகிறார். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் நான் கேட்கிறேன்.

நம் லிஃப்ட்காரருக்கு வருவோம். ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கதவு மூடினால் மூச்சு நின்றுவிடும்." அதை அப்படியே நோட்டில் எழுதவைத்தேன். எழுதாவிட்டால் மனசு பிறகு கணக்கை மாற்றிவிடும். முதல் நாள் லிஃப்ட் வாசலில் பத்து நிமிடம் நின்றோம், அவ்வளவுதான். பத்து என்று சொன்னது அவர், நான் இல்லை. கதவு திறந்தது, மூடியது. யார் யாரோ ஏறினார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு மாடி போனோம். "மூச்சு நின்றதா?" "இல்லை மேடம், வேர்த்துக் கொட்டியது." நூற்றுக்கு எவ்வளவு பயம் என்றேன். அறுபது என்றார். அறுபதோடேயே மறுபடியும் ஏறினார், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் கையில் போன், அந்த முனையில் மனைவி! போனை விட்டுவிட்டு ஏற இன்னும் இரண்டு வாரம் பிடித்தது.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் மீதி. வீட்டார் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று: ஏமாற்றி உள்ளே தள்ளிவிடாதீர்கள், அடுத்த தடவை அவர் வாசலுக்கே வரமாட்டார். நெஞ்சு வலி, மயக்கம் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

அவரா? இப்போது லிஃப்டில்தான் ஏறுகிறார். இறங்கும்போது மட்டும் இன்னும் படிதான். வணக்கம்.