பட்டிமன்றம்: மண்டலத்தின் புனிதம் கல்லில் நிலைப்பதிலா, அழித்து வரைவதிலா?

(வன்னியின் முள்ளியவளை மேடையில் 'அழித்து வரைவதிலே' என்ற அணியின் உரை)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, பாயில் இடம் பிடித்து இருக்கும் எங்கள் சனமே, வணக்கம். மண்டலம் என்றால் இங்கே வட்டமும் சதுரமுமாக நடுவைச் சுற்றி விரியும் புனித வடிவம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கச்சி உலகத்துக் கற்களையெல்லாம் இந்த மேடையில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஜாவாத் தீவின் போரோபுதூர் பௌத்தக் கோயில், இந்தியாவின் கோணார்க் சூரியன் கோயிலின் 24 கற்சக்கரங்கள், பிரான்ஸில் சார்த்ர் தேவாலயத் தரையில் பதித்த சுருள் பாதை, அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல், அதாவது மிருக வரிசை செதுக்கிய அரைவட்ட வாசற்படிக்கல். "காலத்தை வென்று நிற்கிறதே, அதுதானே புனிதம்" என்று கேட்டார். நன்றாகத்தான் கதைத்தார், நானும் கை தட்டினேன்.

சரி, போரோபுதூரையே எடுப்போம். கீழே சதுர மேடைகள், மேலே மூன்று வட்ட மேடைகள், அவற்றில் துளையிட்ட 72 தூபிகள். மேலேயிருந்து பார்த்தால் அப்படியே ஒரு மண்டலம். ஆனால் பல நூறு வருசம் சாம்பலும் காடும் மூடி, வழிபாடில்லாமல் கிடந்தது. 1814இல்தான் வெளியுலகம் அதைத் தேடிப் போனது. பிறகு 1975 தொடக்கம் 1982 வரை, யுனெஸ்கோவின் உதவியோடு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களைக் கழற்றி, துப்புரவாக்கி, திரும்ப அடுக்கினார்கள். தங்கச்சி, கல்லும் கழற்றிப் போட்டால்தான் நிற்கும் என்றால் நீங்கள் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கத்துக்கல்லவா பேசுகிறது? சார்த்ர் பாதையின் மேல் வருசத்தில் பெரும்பாலான நாட்கள் கதிரைகள் அடுக்கிக் கிடக்கும். அதையும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

இப்போது திபெத்துக்கு வருவோம். அங்கே பௌத்த பிக்குகள் மணலால் வரையும் காலச்சக்கர மண்டலத்தில் 722 தெய்வங்கள். முதலில் சுண்ணாம்புக் கயிற்றைச் சுண்டிக் கோடு போடுவார்கள். பிறகு வரிவரியாகப் பல் வெட்டிய கூரான உலோகக் குழலில் வர்ண மணலை நிரப்பி, இன்னொரு குச்சியால் அதை உரசுவார்கள். உரச உரச, நுனியால் மணல் மெல்லிய நூலாக இறங்கும். நாலைந்து பிக்குகள் குனிந்தபடி நாட்கணக்கில், நடுவிலிருந்து வெளியே வெளியே போவார்கள். எல்லாம் முடிந்து பூசையும் ஆனபின் தலைமைப் பிக்கு குறுக்கே ஒரு கோடு இழுப்பார். ஓரத்திலிருந்து நடுவுக்குக் கூட்டி அள்ளி, வந்தவர்களுக்குக் கொஞ்சம் கொடுத்து, மிச்சத்தை ஆற்றில் விடுவார்கள். 1988இல் நியூயோர்க் அருங்காட்சியகம் ஒன்றில் முதன்முறையாக வெளியாட்களுக்கு முன்னால் வரைந்தபோதும் இதே முறைதான்.

அமெரிக்காவின் நவஹோ மக்களைப் பாருங்கள். நோயாளிக்காகத் தரையில் மணல் ஓவியம் வரைந்து, அதன்மேலேயே அவரை இருத்திச் சடங்கு செய்து, அன்றே அழித்துவிடுவார்கள். அதைப் பலகையில் ஒட்டி விற்கிறவர்கள் வேண்டுமென்றே எதையாவது மாற்றி வரைவார்களாம். நிலைக்கப்போகிற படத்தில் முழு உருவம் இருக்கக்கூடாது என்பது அவர்கள் முடிவு. எதிரணிக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

வெளிநாட்டை விடுவோம். எங்கள் கோயில் யாகசாலையில் அரிசிமா, மஞ்சள், உமிக்கரி, இலைப்பொடி என்று தாமரை மண்டலம் போட்டு, அதன்மேல் கும்பம் வைக்கிறோம். கும்பம் எழும்பினால் மண்டலம் கலைந்துபோகும். அதற்காக யாராவது அழுதிருக்கிறோமா? மூலமூர்த்தி கல்தானே என்பீர்கள். கோயில் திருப்பணிக்காகப் பாலஸ்தாபனம் செய்தபோது அந்தச் சக்தியைக் கும்பத்துக்கு அழைத்துத்தானே வேறிடத்தில் வைத்தோம்? போர் முடிந்து மீள்குடியேறி வந்தபோது சுவரில்லாத கோயில்கள் எத்தனை! தகரக் கொட்டிலுக்குள் மண்டலம் போட்டுத்தானே பூசை தொடங்கியது. வன்னியில் நின்றுகொண்டு "கல்தான் நிலைக்கும்" என்று சொல்ல எதிரணிக்கு எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை.

"அழித்தால் மறந்துபோகுமே" என்றும் கேட்டார்கள். எதிர்மாறு. அழிகிறதால்தான் அடுத்த ஆள் படிக்கவேண்டி வருகிறது. கல்லில் வெட்டியாயிற்று என்றால் யார் அளவு கேட்கப் போகிறார்கள்? அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் இருந்த எருது, பிந்திய தலைநகரான பொலன்னறுவைக்குப் போகும்போது மிருக வரிசையில் இல்லை. கல்லை நம்பினவர்களே கல்லை மாற்றித்தான் செய்தார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடிக்கிறேன் ஐயா. அடுத்துப் பேசவரும் எதிரணி அண்ணன் மக்காவின் காபாவை எடுப்பார் என்று எனக்கொரு சந்தேகம். எடுக்கட்டும். ஆனால் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு எடுக்கட்டும்: காபா சதுரக் கட்டடம். ஹஜ்ஜுக்குப் போகிற சனம் ஏழு முறை சுற்றி நடக்கும்போதுதான் அங்கே வட்டம் வருகிறது. அந்த வட்டம் எந்தக் கல்லில் வெட்டியிருக்கிறது அண்ணா?