பந்து காலில் இல்லாத நேரம்

வணக்கம் நேயர்களே.

கால்பந்து பற்றிப் பேச வாருங்கள், யாரைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்று நிலையத்தார் சொன்னார்கள். பெலே, மரடோனா, மெஸ்ஸி பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நெதர்லாந்து என்று எடுத்தாலும் யோஹான் க்ரைஃப் பெயர்தான் முதலில் வரும். அவர் பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு நாலடி பின்னால் இன்னொரு யோஹான் ஓடிக்கொண்டிருந்தார். யோஹான் நேஸ்கென்ஸ். நடுக்கள ஆட்டக்காரர், மிட்ஃபீல்டர். இந்தக் கால் மணி நேரமும் அவருக்குத்தான்.

நான் பல வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். மைதானத்துக்கு வருகிற ஒவ்வொரு பையனும் கோல் அடிக்கத்தான் வருகிறான். பந்தைப் பறிகொடுத்த மறுநொடி இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவான். அந்த நொடியில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது என்று புரியவைக்கப் பெரும்பாடு. புரியவைக்க ஒரே ஒரு ஆளைக் காட்டலாம் என்றால் நான் காட்டுவது நேஸ்கென்ஸைத்தான்.

கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். சாம்பார் வாளி எங்கே, எந்த இலையில் சோறு தீர்ந்தது, அடுத்த பந்திக்கு இடம் துடைத்தாயிற்றா என்று ஓடிக்கொண்டே இருப்பார். ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு படத்திலும் இருக்கமாட்டார். நடுக்கள ஆட்டக்காரரின் வேலையும் அப்படித்தான். டிவி கேமரா பந்தைத் தொடர்ந்து போகிறது. பந்து இல்லாத இடத்தில் ஓடுகிறவரை அது காட்டுவதில்லை.

சரி, ஆளைப் பற்றிச் சொல்கிறேன். 1951 செப்டம்பரில் ஹேம்ஸ்டேட் என்ற ஊரில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமுக்கு மேற்கே, ஹார்லெமை ஒட்டிய ஊர். சிறுவயதில் பேஸ்பாலும் நன்றாக ஆடினார். உள்ளூர் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவரை 1970இல் பயிற்சியாளர் ரினுஸ் மிஹெல்ஸ் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணிக்கு எடுத்துக்கொண்டார். அப்போது வயது 18. அடுத்த வருடமே லண்டன் வெம்பிளியில் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம், எதிரே கிரேக்கத்தின் பனதிநைகோஸ். அயாக்ஸ் 2–0 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தில் நேஸ்கென்ஸ் ஆடியது நடுக்களத்தில் அல்ல, வலது பின்களத்தில். பிறகுதான் நடுவுக்கு வந்தார். 1972இல் மறுபடி கோப்பை, 1973இல் மறுபடி கோப்பை. 21 வயதில் மூன்று ஐரோப்பியக் கோப்பைகள்.

அந்த அயாக்ஸ் ஆட்டத்துக்கும், பிறகு நெதர்லாந்து ஆட்டத்துக்கும் உலகம் வைத்த பெயர் ‘டோட்டல் ஃபுட்பால்’. பின்களத்தில் நிற்பவர் முன்னால் போவார், முன்னால் நிற்பவர் பின்னால் வருவார், யார் இடத்தை யாரும் நிரப்புவார்கள் என்று விளக்குவார்கள். சரிதான். ஆனால் அது பந்து தங்களிடம் இருக்கும்போது நடப்பது. பந்து போனபிறகு என்ன நடந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம். பலகை இருந்தால் வரைந்து காட்டலாம். வானொலியில் முடியாது. சொல்லியே பார்க்கிறேன், கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

எதிரணியில் ஆட்டத்தை நடத்துகிறவர் என்று ஒருவர் இருப்பார். பந்து அவர் காலுக்கு வந்துதான் மற்றவர்களுக்குப் போகும். அவரைக் கட்டிப்போடுவது நேஸ்கென்ஸின் பொறுப்பு. அந்த ஆள் என்ன செய்வார்? தொல்லை தாங்காமல் தன் கோல் பக்கமாகப் பின்வாங்குவார், அங்கே போய் நிம்மதியாகப் பந்தை வாங்கலாம் என்று. சாதாரணமாகக் காவலுக்கு நிற்பவர் நடுக்கோட்டோடு நின்றுவிடுவார். நேஸ்கென்ஸ் நிற்கமாட்டார். எதிராளியின் பெனால்டி கட்டத்துக்குப் பக்கத்திலேயே போய் நிற்பார். அவர் அவ்வளவு தூரம் போய்விட்டால் பின்னால் பெரிய வெற்றிடம் விழுமே? அதை அடைக்க நடுக்களம் முன்னேறும், நடுக்களத்தின் பின்னால் பின்களமும் முன்னேறும். மொத்த அணியும் இருபது, முப்பது அடி முன்னால் வந்துவிடும். எதிரணி முன்கள வீரர்கள் திரும்பிப் பார்த்தால் ஆஃப்சைடில், அதாவது நெதர்லாந்துப் பின்களத்தையும் தாண்டி, பந்தை வாங்க விதி இடம் கொடுக்காத இடத்தில் நிற்பார்கள்!

ஒருவர் நிற்காமல் ஓடியதால் பத்துப் பேர் முன்னால் வந்தார்கள். இன்றைக்கு ‘பிரெஸ்ஸிங்’ என்று எல்லாப் பயிற்சியாளரும் பேசுகிறார்கள், வர்ணனையாளர்கள் நிமிடத்துக்கு ஒருதரம் சொல்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னால் அதைக் காலால் செய்து காட்டியவர்களில் முதல் வரிசைக்காரர் இவர். க்ரைஃப் காலில் பந்து அவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்ததற்கு இவர் ஓட்டமே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்காக வெறும் முரட்டு ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மேற்கு ஜெர்மனியில் நடந்த 1974 உலகக் கோப்பையில் அவர் அடித்த கோல்கள் 5. பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு பெனால்டி, கிழக்கு ஜெர்மனிக்கு எதிராக ஒன்று, பிரேசிலுக்கு எதிராக ஒன்று, இறுதி ஆட்டத்தில் ஒன்று. க்ரைஃப் அடித்ததைவிட இரண்டு அதிகம். பிரேசில் ஆட்டத்துக் கோலை மட்டும் சொல்லவேண்டும். டார்ட்முண்ட் நகரம், ஜூலை 3. பிரேசில் அன்று மஞ்சள் சட்டையில் இல்லை, நீலத்தில் ஆடியது. அடி, இழு, தள்ளு என்று முரட்டு ஆட்டம். இரண்டு பக்கமும்தான். இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் க்ரைஃப் வலது பக்கமிருந்து பந்தைத் தாழ்வாக உள்ளே அனுப்பினார். நடுக்களத்திலிருந்து ஓடிவந்த நேஸ்கென்ஸ் சறுக்கிக்கொண்டே காலை நீட்டினார். பந்து கோல்கீப்பர் லியாவோவின் தலைக்கு மேலே வளைந்து வலைக்குள் போயிற்று. கடைசி நிமிடங்களில் பிரேசிலின் லூயிஸ் பெரேரா வெளியேற்றப்பட்டதும் நேஸ்கென்ஸை வீழ்த்தியதற்காகத்தான்.

இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது.

1974 ஜூலை 7, மியூனிக் ஒலிம்பிக் அரங்கம். எதிரே மேற்கு ஜெர்மனி. நடுவர் ஜாக் டெய்லர், இங்கிலாந்துக்காரர், ஊரில் கசாப்புக்கடை வைத்திருந்தவர். எல்லோரும் தயாராக நிற்கும்போதுதான் மைதானத்து மூலைகளில் கொடிகள் இல்லை என்பதை அவர் கவனிக்கிறார். உலகக் கோப்பை இறுதி ஆட்டம், மூலைக்கொடியைக் காணோம்! கொண்டுவந்து நட்டபிறகுதான் விசில்.

நெதர்லாந்து பந்தை எடுத்து ஆரம்பிக்கிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, முன்னால், பின்னால், குறுக்கே. அவசரமே இல்லை. ஜெர்மன்காரர்கள் கால் பந்தில் படவே இல்லை. திடீரென்று க்ரைஃப் நடுவட்டத்தின் பக்கத்தில் பந்தை வாங்கி ஓட்டம் எடுக்கிறார். காவலுக்கு இருந்த ஃபோக்ட்ஸைத் தாண்டியாயிற்று. பெனால்டி கட்டத்துக்குள் நுழையும்போது ஊலி ஹோனஸ் காலை விட்டு வீழ்த்துகிறார். டெய்லர் தயங்காமல் பெனால்டி புள்ளியைக் காட்டுகிறார். உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஒன்றில் கொடுக்கப்பட்ட முதல் பெனால்டி அதுதான். ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது அந்த 22 வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் ஜெர்மன் ரசிகர்கள். எதிரே செப் மையர், உலகின் மிகச்சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். உடம்பு இன்னும் சூடேறவில்லை, ஒருதரம்கூட மூச்சு வாங்கவில்லை. நேஸ்கென்ஸ் நீண்ட தூரத்திலிருந்து ஓடிவருகிறார். ஓரமாக வைக்கவில்லை, ஏமாற்றவில்லை, நேர் நடுவில், முழு பலத்தோடு ஓர் அடி. மையர் ஒரு பக்கம் பாய்ந்துவிட்டார். அவர் நின்றிருந்த இடத்தின் வழியாகவே பந்து உள்ளே போயிற்று. படத்தைப் பார்த்தால் நேஸ்கென்ஸ் உதைத்த இடத்தில் சுண்ணாம்புத் தூள் எழும்புவது தெரியும். மேற்கு ஜெர்மனி சார்பாக அந்த ஆட்டத்தில் பந்தை முதலில் தொட்டவர் மையர், அதுவும் வலைக்குள்ளிருந்து அதை எடுப்பதற்காக!

நடுவில் உதைப்பது சுலபம் என்று சிலர் சொல்வார்கள். கோல்கீப்பர் அசையாமல் நின்றுவிட்டால் உதைத்தவரின் கதி என்ன என்று யோசித்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். நடுவில் உதைப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

அதற்குப்பிறகு நடந்தது எனக்கு இன்றைக்கும் வருத்தம். நெதர்லாந்து இரண்டாவது கோலுக்குப் போகவில்லை. பந்தை வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டினார்கள். 25வது நிமிடத்தில் ஜெர்மனிக்கும் ஒரு பெனால்டி, பிரைட்னர் அடித்தார். 43வது நிமிடத்தில் கெர்ட் முல்லர். 2–1. இரண்டாம் பாதி முழுக்க நெதர்லாந்து முட்டி மோதியது. நேஸ்கென்ஸ் பந்தைத் தரையில் விழவிடாமலே அடித்த ஓர் அடியை மையர் தடுத்துவிட்டார். கோப்பை ஜெர்மனிக்குப் போயிற்று.

ஒரு சின்ன விஷயம். நெதர்லாந்து அந்தப் போட்டிக்குக் குடும்பப் பெயரின் அகரவரிசையில் எண் கொடுத்திருந்தது. அதனால் 1ஆம் எண் சட்டை ஒரு முன்கள வீரருக்குப் போயிற்று, கோல்கீப்பர் யோங்ப்ளூட் 8ஆம் எண்ணில் நின்றார். க்ரைஃப் மட்டும் தனக்குப் பிடித்த 14ஐ வாங்கிக்கொண்டார். நேஸ்கென்ஸுக்கு 13. ஜெர்மனியில் முல்லருக்கும் 13. இறுதி ஆட்டத்தின் முதல் கோலையும் கடைசிக் கோலையும் அடித்தவர்கள் இரண்டு பதின்மூன்றாம் எண்காரர்கள்.

அந்தக் கோடையிலேயே பார்சிலோனாவுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் மிஹெல்ஸ், அணியில் க்ரைஃப். ‘இரண்டாம் யோஹான்’ என்று கட்டலான் மக்கள் செல்லமாக அழைத்தார்கள். அவர் இருந்த ஐந்து வருடத்தில் பார்சிலோனா ஒருமுறைகூட லீக் பட்டம் வாங்கவில்லை. 1978இல் ஸ்பெயின் அரசர் கோப்பை, 1979இல் பாசல் நகரில் டுசல்டார்ஃப் அணியை 4–3 என்று வென்று ஐரோப்பாவின் ‘கோப்பை வென்றோர் கோப்பை’, அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. நிர்வாகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று தெரிந்ததும், பாசல் வெற்றியைக் கொண்டாடக் கூடிய கூட்டம் அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. லீக் பட்டமே வாங்கித்தராத ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரருக்காக! ஓடி உழைத்தவரை அரங்கத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து நேரில் பார்த்தவர்கள் அவர்கள். கேமராவுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நடுவில் 1978 உலகக் கோப்பை. க்ரைஃப் போகவில்லை. ஸ்காட்லாந்து ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே நேஸ்கென்ஸ் அடிபட்டு வெளியே போனார், ஆனாலும் இறுதி ஆட்டத்துக்குள் திரும்பிவிட்டார். புவெனஸ் ஐரிஸில் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்தின் ரென்சன்பிரிங்க் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினா 3–1. இரண்டு இறுதி ஆட்டம், இரண்டு தோல்வி. அவருடைய வேகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1976இல் நாட்டு அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியில் செக்கோஸ்லோவாகியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு ஐந்து வருடம் ஆடியதைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், முடியாது. நெதர்லாந்துக்கு மொத்தம் 49 ஆட்டம், 17 கோல். பிறகு பயிற்சியாளர். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1998 உலகக் கோப்பையில் நெதர்லாந்தின் துணைப் பயிற்சியாளர். அரையிறுதியில் பிரேசிலிடம் பெனால்டியில் தோல்வி. 2000 ஐரோப்பியப் போட்டியிலும் அவர் அங்கேதான். அரையிறுதி, எதிரே இத்தாலி, ஆட்ட நேரத்திலேயே கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணாயிற்று, முடிவில் பெனால்டியிலேயே தோல்வி. மியூனிக்கில் அப்படி அடித்தவர் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் சிறிய கிளப்பான என்.இ.சி.யை ஐரோப்பிய கிளப் போட்டிக்குக் கொண்டுபோனார். 2006இல் ஆஸ்திரேலியாவோடு உலகக் கோப்பைக்குப் போனார், பிறகு பார்சிலோனாவில் பயிற்சியாளர் ரைக்கார்டுக்குத் துணை. கடைசி வருடங்களில் நெதர்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் சார்பில் நாடு நாடாகப் போய்ப் பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த வேலையாக அல்ஜீரியா போயிருந்தபோதுதான் 2024 அக்டோபர் 6 அன்று, 73 வயதில் காலமானார்.

ஒரே ஒரு வேண்டுகோள். 1974 நெதர்லாந்து–பிரேசில் ஆட்டம் இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிடுங்கள், 13ஆம் எண்ணை மட்டும் தேடிப் பாருங்கள். சில நேரம் படத்துக்குள்ளேயே இருக்கமாட்டார். பிரேசில்காரர் ஒருவர் பந்தை வாங்கித் திரும்பும்போது எங்கிருந்தோ வந்து நிற்பார்.

நன்றி, வணக்கம்.