மல்லிப்பட்டினத்துக்கு வந்த நெப்போலியன்

அவையோருக்கு வணக்கம்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவீர்கள்? மனோராவுக்குத்தானே! மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலோரமாக, அறுகோண வடிவத்தில் எட்டு அடுக்காக நிற்கிறதே, அந்தக் கோபுரம். உயரம் ஏறக்குறைய 75 அடி. இன்றைக்கு அது ஒரு பெரிய உயரமில்லை. ஆனால் சமதரையில் தனியாக நிற்பதால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயரைக் கேட்டால் மனோகரம், மனோரஞ்சிதம் மாதிரி ஏதோ அழகான சொல் என்று தோன்றும். அதெல்லாம் இல்லை. கோபுரத்தைக் குறிக்கும் 'மினார்' என்ற சொல்தான் நம் வாயில் புகுந்து மனோரா ஆகிவிட்டது.

கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. 1798இல் பட்டத்துக்கு வந்தார். மறு ஆண்டே ஒப்பந்தம் போட்டு ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டது. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் ஆண்டுதோறும் ஒரு தொகையும்தான். அப்பேர்ப்பட்டவர் கடற்கரையில் கோபுரம் கட்டிக் கல்வெட்டும் வைத்தார். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? ஆங்கிலேயப் படைகளின் வெற்றிக்கும் போனபார்ட்டின், அதாவது பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனின், வீழ்ச்சிக்கும் நினைவாக, ஆங்கில அரசின் நண்பர் சரபோஜி எழுப்பியது, 1814 என்று இருக்கிறது.

இந்த 1814ஐக் கொஞ்சம் கவனியுங்கள். நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போரின் வெற்றிக்காகக் கட்டியது என்று பலரும் சொல்கிறார்கள். வாட்டர்லூ போர் நடந்ததோ 1815 ஜூனில். கல்வெட்டு சொல்லும் வீழ்ச்சி, அதற்கு முந்தைய ஆண்டு நெப்போலியன் முடி துறந்து எல்பா தீவுக்குப் போனாரே, அது. அப்புறம் என்ன ஆயிற்று? 1815 தொடக்கத்தில் மனிதர் எல்பாவிலிருந்து தப்பிப் பாரிசுக்கே திரும்பிவிட்டார்! இங்கிலாந்துச் செய்தி கப்பலில் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. சேதி தஞ்சாவூருக்கு எட்டியபோது மன்னர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

சரபோஜியை அடிவருடி என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தஞ்சைச் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளையும் நூல்களையும் தேடித்தேடிச் சேர்த்தவர் அவர். கம்பெனியின் தயவு போனால் இருக்கிற கோட்டையும் போகும் என்பது அவருக்குத் தெரியாதா? ராஜ்யம் இல்லாத ராஜா, ராஜ்யத்தை எடுத்துக்கொண்டவனுக்கே வெற்றித்தூண் எழுப்புகிறார். சரி, அந்த ஊருக்காவது தன் பெயரை வைத்துக்கொண்டார்: சரபேந்திரராஜன்பட்டினம்.

2004 சுனாமி மனோராவையும் விடவில்லை. பிறகு பழுது பார்த்தார்கள். எதிரே விரியும் பாக் விரிகுடாவில் 2022இல் தமிழக அரசு கடல்பசுக் காப்பகம் அறிவித்தது, 448 சதுர கிலோமீட்டர். கடல்பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அடியில் கடற்புல் மேய்ந்துவிட்டுச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வரும். மூக்கு நுனி மட்டும் தெரிந்து மறைந்துவிடும். அடுத்த முறை போனால், கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு அந்தத் தண்ணீரையும் கொஞ்ச நேரம் பாருங்கள். நன்றி, வணக்கம்.