மூக்குத்தி அவரை: விதை எடுப்பதும் பகிர்வதும்

(திரையில்: உள்ளங்கையில் நான்கு விதைகள்)

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். இவை மூக்குத்தி அவரை விதைகள். எங்கள் ஆயா எஸ்டேட் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வேலியில் படரவிட்ட கொடியின் வழிவந்தவை. லயத்தைக் காலி செய்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபோது சட்டிபானை எல்லாம் லாரியில் ஏறின. கொடி வேலியோடு நின்றுவிட்டது. அதற்கு முன்பே பக்கத்து லயத்து அத்தைக்கு ஆயா ஒரு பிடி விதை கொடுத்திருந்தார். பல வருடம் கழித்து அத்தை வீட்டிலிருந்துதான் எங்களுக்கு அது திரும்பக் கிடைத்தது.

(திரையில்: காய், மிக அருகில்)

பெயரில்தான் அவரை. கங்கோங் கீரையும் சர்க்கரைவள்ளியும்தான் இதற்குச் சொந்தம். தாவரப் பெயர் ஐப்போமியா மியூரிகேட்டா. பூவின் காம்பு சதைபிடித்துத் தடிக்கும், நுனியில் குட்டியாக ஓர் உருண்டை. அப்படியே திருகு மூக்குத்தி! வெளிர் ஊதாப் பூ பொழுது சாய்ந்தபின் விரிந்து, காலையில் வாடிவிடும். பிஞ்சாகப் பறித்துப் பொரியல் செய்யலாம், சாம்பாரில் போடலாம். முற்றிய விதையைத் தின்னக் கூடாது, வயிற்றுப்போக்கு வரும்.

(திரையில்: சிவப்பு நூல் கட்டிய காய்)

சரி, விதைக்கு வருவோம். நன்றாகக் காய்க்கும் கொடியில் சில காய்களுக்கு நூல் கட்டிவிடுங்கள். அப்போதுதான் வீட்டில் யாரும் சமையலுக்குப் பறிக்க மாட்டார்கள். தோல் பழுப்பாகி மொறமொறவென்று ஆகும்வரை கொடியிலேயே இருக்கட்டும். ஒரு காயில் நாலு விதை வரை இருக்கும். தகரத்தின் மேல் கொதிக்கும் வெயிலில் போடாமல், காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது.

நம் ஊர் ஈரக்காற்றுதான் விதைக்கு முதல் எதிரி. ஒரு பிடி அரிசியைச் சிவக்க வறுத்து, நன்றாக ஆறவிட்டு, துணியில் முடிந்து போத்தலின் அடியில் வையுங்கள். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். மேலே விதைப் பொட்டலம். மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

(திரையில்: நகவெட்டியும் விதையும்)

"போட்டேன், முளைக்கவே இல்லை" என்று பலர் சொல்கிறார்கள். தோல் கல் மாதிரி இருப்பதால் தண்ணீர் உள்ளே போகாது. விதையில் சின்னத் தழும்பு ஒன்று தெரியும். அதற்கு எதிர்ப்பக்கம் நகவெட்டியால் லேசாகக் கீறி, ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். உப்பிய விதையை மண்ணில் வையுங்கள். உப்பாததை இன்னொரு முறை கீற வேண்டும்.

அப்புறம், எல்லா விதையையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். வெள்ளம் வரலாம், வேலியை இடிக்கலாம், புல்லுக்கு அடிக்கும் மருந்து படலாம். குறைந்தது மூன்று வீடுகளுக்குக் கொடுங்கள். பொட்டலத்தில் பெயர், எடுத்த மாதம், யார் வீட்டுக் கொடி என்பதை எழுதுங்கள். இந்தியாவிலிருந்து சொந்தக்காரர் பையில் விதை கொண்டுவருவது மட்டும் வேண்டாம். நம் நாட்டின் 1976 தாவரத் தடுப்புக்காப்புச் சட்டப்படி அதற்கு பெர்மிட் எடுக்க வேண்டும். உலர்ந்த காயைச் செம்பனை ஓரத்தில் கொட்டவும் வேண்டாம், அங்கே களையாகப் பரவிவிடும்.

(திரையில்: எட்டுப் பொட்டலங்கள்)

இந்த எட்டும் நம் ஊர்க்காரர்களுக்கு, ஒவ்வொன்றிலும் ஆறு விதை. வாங்குகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: முதலில் காய்ப்பதைச் சமைக்காமல் விதைக்கு விடுங்கள்.